தோற்ற கொள்கைக்கு ஒரு பக்கம்

பள்ளிக்கூடத்து ரசாயனப் புத்தகங்களில் ஒரு மலைப் படம் உண்டு. வாசகர்களில் பலர் அதைப் பார்த்திருப்பீர்கள். இடது பக்கத்தில் ஒரு சமவெளி, நடுவில் ஒரு மேடு, வலது பக்கத்தில் இன்னும் தாழ்ந்த ஒரு சமவெளி. இடது பக்கம் வினைபடு பொருள். வலது பக்கம் விளைபொருள். நடுவே நிற்கிற மேட்டின் உயரம் கிளர்வு ஆற்றல். அந்த மேட்டை ஏறுகிற அளவுக்குச் சக்தி உள்ள மூலக்கூறுகள் மட்டுமே வினைபுரியும். முடிந்தது பாடம். கீழே கட்டம் கட்டி ஒரு சூத்திரம். பையன் சூத்திரத்தை நெட்டுருப் போடுகிறான், படத்தைப் பார்த்து வரைகிறான், மதிப்பெண் வாங்குகிறான். "சரி, மேட்டை ஏறுவதற்கான சக்தி மூலக்கூறுக்கு எங்கிருந்து வந்தது?" என்று கேட்டால் விழிக்கிறான்.

அவன் விழிப்பதில் தப்பில்லை. புத்தகம் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. உலகத்தின் முதல்தரமான மூளைகள் சில, பத்து வருஷத்துக்கு மேல் அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கட்டியிருக்கின்றன. அதில் ஒருவர் மிக அழகான ஒரு பதிலைச் சொல்லித் தோற்றுப்போனார். அவர் தோற்றதனால்தான் சரியான பதில் பிறந்தது. இது ஒன்றும் நம்முடைய பாடத்தில் இல்லை.

இதை நான் ரசாயனப் பேராசிரியர் ஒருவரிடம் சொன்னேன். நல்ல மனிதர், என் நாவல்களைக்கூடப் படித்திருப்பதாகச் சொல்பவர். அவர் சிரித்துக்கொண்டே, "சார், உங்களுக்குக் கதை வேண்டும். எங்களுக்கு முடிவு போதும். தோற்றுப்போன கொள்கையையெல்லாம் சொல்லிப் பிள்ளைகளைக் குழப்புவானேன்?" என்றார். இந்த அபிப்பிராயம் அவர் ஒருவருடையது என்றால் சும்மா இருந்திருப்பேன். பாடப் புத்தகம் எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் இதே அபிப்பிராயத்தில்தான் எழுதுகிறார்கள். ஆகவே பகிரங்கமாகவே பதில் சொல்லிவிடுகிறேன்.

ரசாயனத்தில் முதல் ஆச்சரியம், எதுவும் சட்டென்று நடந்துவிடுவதில்லை என்பதுதான். நான் எழுதுகிற காகிதமும் அதைச் சுற்றியிருக்கிற பிராணவாயுவும் சேர்ந்து எரிந்துபோவதே சக்திக் கணக்குப்படி லாபம். ஆயினும் காகிதம் வருஷக்கணக்காக அலமாரியில் கிடக்கிறது. செல் அரிக்குமே என்பதைத் தவிர வேறு பயம் இல்லை. இரண்டாவது ஆச்சரியம், நடக்கிற வினைகளின் வேகம் உஷ்ணத்துக்கு இவ்வளவு கட்டுப்படுவது. 25 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்கு ஒரு பொருளைச் சூடாக்கினால் அதன் மூலக்கூறுகளின் சராசரி ஓட்டச் சக்தி நூற்றுக்கு மூன்று பங்கு சொச்சம்தான் கூடுகிறது. ஆனால் எத்தனையோ வினைகளின் வேகம் அதற்குள் இரண்டு மடங்காகிவிடுகிறது. மூன்று சதவிகிதம் எப்படி நூறு சதவிகிதமாயிற்று?

இதற்கு 1889-இல் வழிகாட்டியவர் ஸ்வீடன் தேசத்து அர்ஹீனியஸ். அவர் எடுத்துக்கொண்ட பொருள் நம் அடுப்பங்கரைக்குப் புதிதல்ல. பாதுஷாவுக்குப் பாகு காய்ச்சும்போது, பூத்துப் போகாமல் இருப்பதற்காகச் சில சொட்டு எலுமிச்சம் சாறு விடுகிறார்களே, அதே சமாசாரம்தான். புளிப்பு பட்டதும் கரும்புச் சர்க்கரையின் மூலக்கூறு இரண்டு சின்னச் சர்க்கரைகளாக உடைகிறது. அர்ஹீனியஸ் சொன்னது இது: பாத்திரத்தில் இருக்கிற சர்க்கரையெல்லாம் ஒரே தரம் அல்ல. மிகப் பெரும்பான்மை சாதாரணச் சர்க்கரை. மிகக் கொஞ்சம் 'கிளர்ந்த' சர்க்கரை. வினைபுரிவது அந்தக் கொஞ்சம்தான். சூடு ஏறினால் சராசரி அதிகம் மாறுவதில்லை. ஆனால் அந்தச் சிறுபான்மையின் எண்ணிக்கை மளமளவென்று பெருகும். மூன்று சதவிகிதத்தின் மர்மம் அதுதான்.

அந்தச் சிறுபான்மை எவ்வளவு சிறியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மோலுக்கு 100 கிலோஜூல் தடை உள்ள ஒரு வினையை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண அறை உஷ்ணத்தில், ஏறக்குறைய 2500 கோடி கோடி மோதல்களில் ஒன்றுக்குத்தான் அந்தத் தடையைத் தாண்டுகிற சக்தி இருக்கும். வாயுவில் ஒரு மூலக்கூறு விநாடிக்குச் சில நூறு கோடி தடவை மற்றவற்றின்மீது மோதிக்கொண்டிருக்கிறது. இருந்தும் அதற்குரிய அதிருஷ்ட மோதல் கிடைக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். காகிதம் அலமாரியில் பத்திரமாக இருக்கிற ரகசியமும் இந்த மாதிரிக் கணக்கில்தான் அடங்கியிருக்கிறது.

இதுவரை நம் புத்தகமும் ஒருவாறு சொல்லிவிடுகிறது. மூலக்கூறுகள் மோதுகின்றன, மோதலில் சக்தி கிடைக்கிறது என்கிறது. இந்த மோதல் கொள்கைக்கு 1916-இல் ஜெர்மனியின் டிராட்ஸ், 1918-இல் இங்கிலாந்தின் லூயிஸ் என்று இரண்டு பெயர்களையும் கொடுத்துவிடுகிறது. நடுவில் உலக யுத்தம். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. ஆனால் புத்தகம் சொல்லாத ஒன்று இருக்கிறது. இந்த இரண்டு பேருமே, மூலக்கூறைக் கிளரச் செய்யும் சக்தி மோதலிலிருந்து வருவதாக நம்பியவர்கள் அல்லர். அது கதிர்வீச்சிலிருந்து, அதாவது பாத்திரத்தின் சூடான சுவர்கள் உமிழ்கிற கண்ணுக்குத் தெரியாத ஒளியிலிருந்து வருகிறது என்று நம்பினார்கள்! மோதல் கொள்கையின் தந்தைகள் என்று நாம் படம் மாட்டி வைத்திருக்கும் இருவரும் ஒளிக் கட்சிக்காரர்கள். பேராசிரியரின் 'முடிவு போதும்' என்ற சித்தாந்தத்தின் விளைவு இது. முடிவை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டினால், மிச்சமிருக்கும் மனிதர்கள் தாங்கள் சொல்லாததைச் சொன்னவர்களாகிவிடுகிறார்கள்.

ஒளிக் கட்சியின் தலைவர் பாரிஸ் நகரத்து ழான் பெர்ரின். சாமானியர் அல்ல. அணு என்பது வெறும் கற்பனை என்று சொல்லிக்கொண்டிருந்த பெரியவர்களின் வாயை, நீரில் மிதக்கும் நுண்ணிய துகள்களின் ஆட்டத்தை அளந்தே அடைத்தவர். அதற்காக 1926-இல் நோபல் பரிசும் பெற்றார். அவர் 1919-இல் எழுப்பிய வாதத்தை நான் படித்தபோது, ஒரு நல்ல துப்பறியும் கதையின் நடுப்பகுதியைப் படிக்கிற மாதிரி இருந்தது.

அவர் கேட்டது இதுதான். சில மூலக்கூறுகள் யாருடைய துணையும் இல்லாமல் தாமாகவே உடைகின்றன. அப்படிப்பட்ட ஒரு வாயுவைப் பெரிய பாத்திரத்தில் விட்டு விரியச் செய்யுங்கள். மூலக்கூறுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன, மோதல்கள் குறைகின்றன. மோதல்தான் சக்தி தருகிறது என்றால் உடைகிற விகிதமும் குறைய வேண்டும். குறையவில்லை! ஒரு நிமிஷத்தில் நூற்றுக்கு இத்தனை உடையும் என்ற கணக்கு அப்படியே இருக்கிறது. இன்னும் விரியுங்கள், இன்னும், இன்னும். மோதலே இல்லாத நிலை வரைக்கும் போனாலும் உடைவது நிற்காது. அப்படியானால் மோதலுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. பின்னே யார் சக்தி கொடுத்தது? எவ்வளவு விரித்தாலும் மாறாமல் பாத்திரம் முழுவதும் நிறைந்திருப்பது ஒன்றுதான்: சுவர்களிலிருந்து வரும் கதிர்வீச்சு. வேறு எதுவும் அங்கே இல்லை. ஆகவே அதுதான்.

வாசகர்களே, ஒரு நிமிஷம் நிறுத்தி, இதில் ஓட்டை எங்கே என்று யோசித்துப் பாருங்கள். முப்பது வருஷமாகக் கதையின் முடிச்சுகளைப் போட்டும் அவிழ்த்தும் பிழைக்கிற எனக்கு இதைவிட நேர்த்தியான முடிச்சு அதிகம் கிடைத்ததில்லை. இதை ஒரு பள்ளி மாணவனிடம் கொடுத்து 'ஓட்டையைக் கண்டுபிடி' என்றால், அதுவல்லவா விஞ்ஞானப் பாடம்?

எதிர்ப்பு உடனே கிளம்பிற்று. அமெரிக்காவில் லாங்மியூர் 1920-இல் கணக்குப் போட்டார். வினைக்கு வேண்டிய அந்தக் குறிப்பிட்ட நிறத்தில் சுவர்கள் உமிழ்கிற கதிர் எவ்வளவு, மூலக்கூறுகளுக்கு வேண்டிய சக்தி எவ்வளவு என்று தராசில் வைத்தார். வரவு செலவுக்குப் பக்கத்திலேயே வரவில்லை. இங்கிலாந்தில் லிண்டமன் (பிற்காலத்தில் சர்ச்சிலுக்கு விஞ்ஞான ஆலோசகராக இருந்தாரே, அவரேதான்) இன்னும் எளிமையான குத்து ஒன்று விட்டார். அர்ஹீனியஸின் சர்க்கரையையே எடுத்துக்கொள்வோம். பெர்ரின் கணக்குப்படி அதை உடைக்க வேண்டிய கதிர், சிவப்புக்குச் சற்று அப்பால் இருக்கிற அகச்சிவப்பு. சூரிய வெளிச்சத்தில் அது தாராளமாக இருக்கிறது. அப்படியானால் சர்க்கரைக் கரைசலை வெயிலில் வைத்த மாத்திரத்தில் அது தலைதெறிக்க உடைய வேண்டும். எங்கே உடைகிறது? வெயிலில் வைத்த பானகம் சூடாவதோடு சரி.

ஒளிக் கொள்கை விழுந்தது. ஆனால் பெர்ரினின் கேள்வி விழவில்லை. இந்த இடத்தைத்தான் பேராசிரியர் கவனிக்க வேண்டும். ஒளி இல்லை, சரி. மோதலும் இல்லையென்று பெர்ரின் காட்டிவிட்டாரே, பின்னே எது? 1921-இல் லண்டனில் ஃபாரடே சங்கம் இதற்காகவே ஒரு விவாதக் கூட்டம் கூட்டியது. பெர்ரினின் கொள்கை அங்கே அலசப்பட்டது. அப்போது லிண்டமன் சில வாக்கியங்களில் ஒரு யோசனை சொன்னார். மறு வருஷம் கூட்டத்தின் நடவடிக்கைகளோடு அது அச்சாயிற்று. நீண்ட கட்டுரைகூட அல்ல. டென்மார்க்கில் கிறிஸ்டியான்சன் என்ற இளைஞரும் அதே வருஷத்தில் தம் ஆராய்ச்சிப் பட்டத்துக்கான நூலில் அதே யோசனைக்கு வந்திருந்தார்.

யோசனை என்ன? கிளர்வதற்கும் உடைவதற்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது என்பதுதான்.

இதை விளக்க நான் மலைப் படத்தைத் தேட மாட்டேன். எனக்குத் தெரிந்த கூட்டுக் குடும்பத்துக்கே போகிறேன். வீட்டில் ஒருவரோடு ஒருவர் முட்டிக்கொள்கிறார்கள். ஒருவனுக்குக் கோபம் தலைக்கேறுகிறது. அந்தக் கணத்திலேயே அவன் வீட்டை விட்டுப் போய்விடுவதில்லை. திண்ணைக்குப் போகிறான், கூடத்துக்கு வருகிறான், கொல்லையில் நிற்கிறான். கோபம் அவனுக்குள் அங்கும் இங்கும் அலைந்து கால்களுக்கு வந்து சேர நேரமாகிறது. அதற்குள் அத்தை வந்து ஒரு வார்த்தை சொல்கிறாள். சித்தப்பா தோளில் கை வைக்கிறார். கோபம் இறங்கிவிடுகிறது. கூட்டம் நிறைந்த வீட்டில் சண்டை மூட்டுகிறவர்களும் அதிகம், சமாதானம் செய்கிறவர்களும் அதிகம். கூட்டம் இரட்டித்தால் இரண்டும் சேர்ந்தே இரட்டிக்கும். ஆகவே நூறு பேருக்கு இத்தனை பேர் கோபக்காரர்கள் என்ற விகிதம் மாறுவதில்லை. அவர்களில் யாரோ சிலர், அத்தை வந்து சேர்வதற்குள் வாசலைத் தாண்டிவிடுகிறார்கள். வெளியிலிருந்து தலையை எண்ணுகிறவனுக்கு, போகிறவர்களின் விகிதத்துக்கும் கூட்டத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று தோன்றும். பெர்ரினுக்குத் தோன்றியது அதுதான். சண்டைதான் காரணம், ஆனால் சமாதானம் அதை மறைத்துவிட்டது.

இனி வீட்டைக் காலி செய்யுங்கள். நாலே பேர் பெரிய மாளிகையில். சண்டை அபூர்வம். ஆனால் ஒருவனுக்குக் கோபம் வந்துவிட்டால் தணிக்க ஆள் இல்லை, போயே போய்விடுவான். இப்போது போகிறவர்களின் விகிதம் சண்டைகளின் எண்ணிக்கையைப் பொறுத்து இருக்கும்; ஆள் குறையக் குறைய அதுவும் குறையும். ஆக, லிண்டமன் சொல்வது சரியென்றால், வாயுவை மிக மெல்லியதாக்கும்போது பெர்ரினின் மாறாத விகிதம் ஒரு கட்டத்தில் சரிய ஆரம்பிக்க வேண்டும். பெர்ரின் வாதத்தின் ஓட்டை அங்கேதான் இருந்தது. 'இன்னும், இன்னும்' என்று அவர் மனத்திலேயே விரித்துக்கொண்டு போனாரே, அந்தத் தூரம் வரை யாரும் அளந்து பார்க்கவில்லை. 1920-களின் நடுவில் ஆக்ஸ்போர்டில் ஹின்ஷெல்வுட்டும் அமெரிக்காவில் ராம்ஸ்பெர்கரும் அளந்தார்கள். சரிந்தது.

ஹின்ஷெல்வுட் இன்னொன்றும் சேர்த்தார். பெரிய மூலக்கூறு என்பது பல அறைகள் உள்ள வீடு. அதிர்வுகளாகச் சக்தியைப் பதுக்கி வைக்க அதற்குள் இடம் அதிகம். ஆகவே அது எதிர்பார்த்ததைவிட வெகு எளிதில் கிளர்ந்துவிடும். இந்த ஹின்ஷெல்வுட் ராயல் சொஸைட்டிக்கும் தலைவராக இருந்தவர், கிரேக்க லத்தீன் இலக்கியக்காரர்களின் கழகத்துக்கும் தலைவராக இருந்தவர். 'கதை வேண்டுமா, முடிவு வேண்டுமா' என்று அவரை யாரும் கேட்டிருக்க முடியாது.

கதையில் ஒரு கேலியும் உண்டு. இந்தச் சண்டை முழுவதிலும் இரு கட்சியும் மேற்கோள் காட்டிய வாயு ஒன்று உண்டு: நைட்ரஜன் பெண்டாக்ஸைடு. 1921-இல் டேனியல்ஸும் ஜான்ஸ்டனும் அளந்தது. தன்னந்தனியாக உடைகிற மூலக்கூறுக்கு அதைவிடச் சுத்தமான உதாரணம் இல்லை என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். 1947-இல் ஆக் என்பவர் வந்து, அந்த வினை தனியாள் வேலையே அல்ல, பல படிகள் கொண்ட கூட்டுக் காரியம் என்று காட்டினார். வழக்கு நியாயமாகவே முடிந்துவிட்டது. முக்கிய சாட்சி வேறு ஊர்க்காரர் என்று பிறகுதான் தெரிந்தது!

மலைப் படத்துக்கும் வருகிறேன். அதை நான் பழிக்கவில்லை. அதன் பூர்வீகத்தை மறைத்ததைத்தான் பழிக்கிறேன். 1931-இல் பெர்லினில் ஐரிங்கும் போலான்யியும், மூன்று ஹைட்ரஜன் அணுக்கள் நெருங்கும்போது சக்தி எப்படி ஏறி இறங்குகிறது என்று கணக்கிட்டு ஒரு பூகோளப் படம் வரைந்தார்கள். அதில் பள்ளத்தாக்குகள் உண்டு, கணவாய் உண்டு, ஏறினால் உருண்டு விழ வேண்டிய சரிவுகள் உண்டு. 1935-இல் பிரின்ஸ்டனில் ஐரிங்கும், மான்செஸ்டரில் எவான்ஸும் போலான்யியும், கணவாயின் உச்சியில் ஒரு கணம் நிற்கிற கூட்டைக் கொண்டு வேகத்தைக் கணக்கிடும் வழியைச் சொன்னார்கள். ஐரிங்கின் கட்டுரையைப் பத்திரிகைக்காகப் பரிசீலித்தவர் முதலில் வேண்டாம் என்றுதான் சொன்னார். மூத்தவர்கள் பரிந்து பேசிய பிறகே அது வெளிவந்தது. (எழுத்தாள நண்பர்கள் மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம்.) அந்தப் பூகோளத்தைக் குறுக்கே ஒரு கோடு கிழித்து வெட்டி, வெட்டு முகத்தை மட்டும் வரைந்ததுதான் நம் புத்தகத்து மேடு. ஆகவேதான் பையன், வினையூக்கி வந்தால் அதே மேடு குட்டையாகிறது என்று எழுதுகிறான். மேடு இருந்த இடத்தில் அப்படியேதான் இருக்கிறது. வினையூக்கி காட்டுவது வேறொரு கணவாய். முழுப் படத்தைப் பார்த்தவன் இதை மறக்க மாட்டான். ஹைட்ரஜன் போன்ற லேசான அணுக்கள் சில சமயம் மேட்டை ஏறாமலே ஊடுருவி அந்தப் பக்கம் போய்விடுகின்றன என்பது வேறு இருக்கிறது. அதற்குள் நான் நுழையவில்லை.

இனி, தோற்றவரின் சமாசாரம். பெர்ரின் 1942-இல் நியூயார்க்கில் காலமானார். அவருடைய ஒளிக் கொள்கை அதற்கு முன்பே செத்த கொள்கை. எழுபது வருஷம் யாரும் தீண்டவில்லை. 1990-களில், காந்தப் பொறிகளுக்குள் மின்னூட்டம் பெற்ற மூலக்கூறுகளைப் பிடித்து, கிட்டத்தட்ட வெற்றிடத்தில் நெடுநேரம் நிறுத்தி வைக்கிற வித்தை கைகூடிற்று. அங்கே மோதுவதற்கு ஆள் இல்லை. லிண்டமன் சொன்னபடி பார்த்தால் கிளர்ச்சி நின்றுபோக வேண்டும். ஆனால் சில மூலக்கூறுகள் மெதுவாக, பிடிவாதமாக, உடைந்துகொண்டே இருந்தன. அழுத்தத்தை மேலும் குறைத்தால் வேகம் ஒரு மட்டத்துக்குக் கீழே இறங்க மறுத்தது. பாத்திரத்தின் சுவர்களிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிர்தான் கொஞ்சம் கொஞ்சமாகச் சக்தி ஊட்டி அவற்றை உடைக்கிறது! டன்பார், மக்மஹான் முதலியவர்கள் இதை அளந்து நிலைநாட்டினார்கள். 1998-இல் 'சயன்ஸ்' பத்திரிகையில் அதைப் பற்றி விரிவாக எழுதும்போது பெர்ரினை மறக்காமல் நினைத்துக்கொண்டார்கள். பெர்ரின் எண்ணியபடி ஒரே கதிர்த் துணுக்கு ஒரே அடியில் உடைத்துவிடுவதில்லை. பல துணுக்குகளைச் சிறுகச் சிறுக வாங்கிச் சேர்த்தே மூலக்கூறு கிளர்கிறது. ஆனாலும், மோதல் அற்றுப்போன இடத்தில் சுவர்களின் ஒளி வேலை செய்யும் என்றாரே, அது நடந்தது.

பேராசிரியருக்கு இதையெல்லாம் ஒருநாள் சொல்லி முடித்தேன். பொறுமையாகக் கேட்டார். "சுவாரஸ்யமாகத்தான் இருக்கிறது. ஆனால் பரீட்சையில் கேட்க மாட்டார்களே? பாடத்தில் ஏது இடம்?" என்றார்.

இடம் கணக்கையும் பார்த்துவிட்டேன். என்னிடம் இருக்கிற புத்தகத்தில் அர்ஹீனியஸின் சூத்திரத்தில் எண்களைப் போட்டு விடை காணும் கணக்குகள் மட்டும் இரண்டு பக்கத்துக்கு மேல் இருக்கின்றன. எண்கள் வேறு, கணக்கு ஒன்றுதான். நான் கேட்பது ஒரே பக்கம். பெர்ரின் கேட்ட கேள்வி ஒரு பத்தி. லாங்மியூரும் லிண்டமனும் அதை மறுத்தது ஒரு பத்தி. கிளர்வதற்கும் உடைவதற்கும் நடுவில் உள்ள இடைவெளி ஒரு பத்தி. 1990-களில் அந்த ஒளி திரும்பி வந்தது நாலு வரி. அதற்கும் இடம் போதவில்லை என்றால், அரைப் பக்கத்தை அடைத்துக்கொண்டிருக்கிற அந்த மலைப் படத்தைச் சற்றுச் சின்னதாகப் போடட்டும்.